தீக்குச்சி கனம்

அளந்து பிழைத்தவன் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் அளவு பார்த்தேன். தைத்து வந்த பீஸை மேசையில் விரித்து, மார்பு, உயரம், கை, கழுத்து என்று இஞ்ச் டேப்பை ஓட்டி, அரை சென்டிமீட்டர் தப்பினாலும் தூக்கி எறிவேன். என் தலை தெரிந்தால் தையல்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நான் நகர்ந்ததும் திறப்பார்கள். "கட்டுன பொண்டாட்டியக்கூட டேப்பு வெச்சுப் பாத்துட்டுத்தான் தாலி கட்டியிருப்பான்" என்பது அவர்கள் சொன்னதில் மரியாதையான ஒன்று.

ஒருவர் அளந்ததை இன்னொரு முறை அளக்காமல் நம்பமாட்டேன். நான் அளந்ததையும் நம்பமாட்டேன். துணி டேப் இழுபட இழுபட நீளும் என்பதால் மாதம் ஒருமுறை அதை இரும்பு ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பேன். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று அன்று நினைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பனியன் துணி துவைத்தால் சுருங்கும் என்பதால் வெட்டும்போதே கொஞ்சம் கூட்டி வெட்டுவார்கள். அதற்கு அலவன்ஸ் என்று பெயர். இனிமேல் சுருங்காது என்று மெஷினில் கொடுத்துப் பக்குவம் செய்து வந்த துணிக்கும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு நூல் கூட்டி வெட்டாத கட்டிங் மாஸ்டரை நான் பார்த்ததில்லை. அப்படிக் கூட்டிக் கூட்டியே சட்டை தொளதொளவென்று போகும். அதற்காக நான் எத்தனையோ மாஸ்டர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம். எங்கள் கையில் இருந்த செல்போன்களில் கேமரா கிடையாது. கம்பெனியின் ஒரே டிஜிட்டல் கேமரா முதலாளி அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. என்னிடம் இருந்தது ஃபிலிம் போடும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. சரக்குப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், என் வேலையை மெச்சியோ, பெட்டியில் சுமை குறையட்டும் என்றோ, ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

அந்த வகைக் கேமராவில் ஒரு வில்லங்கம். லென்ஸ் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அதற்குள் எதிரில் நிற்பவர் இரண்டிரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ் சரி என்று கேமரா நமக்கு வாக்குக் கொடுக்கிறது. உள்ளே ஒரு திருகு இளகியிருந்தால் அந்த வாக்கு பொய். ஆனால் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் குட்டு உடையும்.

என்னுடையது பொய் சொன்னது. முதல் ரோலில் என் மனைவி காபி டம்ளரை நீட்டியபடி நிற்கிறாள். முகம் கலங்கிக் கிடக்க, டம்ளரின் விளிம்பு கத்தி போல் தெரிந்தது. "டம்ளரத்தான் கட்டியிருக்கறீங்களாட்ட இருக்குது" என்றாள். எட்டடி தூரத்தில் நிற்பவரைப் பிடித்தால், ஒன்றரை அடி முன்னால் போய் ஃபோகஸ் விழுந்தது. பழுது பார்க்கக் கோயமுத்தூர் போகவேண்டும். போகவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். இரண்டு உருவமும் ஒன்றானதும், வளையத்தை ஒரு தீக்குச்சி கனத்துக்குத் தூரத்துப் பக்கம் தள்ளிவிட்டு அமுக்குவேன். அலவன்ஸ்தான். படங்கள் தெளிவாக வந்தன. ஆறு மாதத்தில் அந்தத் தீக்குச்சி கனம் என் விரலிலேயே குடியேறிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். பையன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவன், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பெண் செக்கிங்கில் இருந்தாள். சேவூருக்குப் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவன் சாதி வேறு, அவள் சாதி வேறு. அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்திருந்தது.

"அண்ணே, வெள்ளிக்கெழம காலைல காங்கேயம் ரோட்டுக் கோயில்ல வச்சுத் தாலி கெட்டப் போறேன். நீங்கதான் போட்டோ எடுக்கணும்" என்றான் பையன்.

"ஊர்ல ஸ்டுடியோக்காரனெல்லாம் செத்தா போயிட்டான்?" என்றேன்.

பெண் சொன்னாள்: "ராயபுரத்து ஸ்டுடியோக்காரரு எங்கூருங்ண்ணா. மத்தவங்களும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கூட்டிட்டுப் போயி, அடுத்த முகூர்த்தத்துல வேற எடத்துல கட்டி வெச்சுருவாங்க."

"ஸ்டேசனுக்குப் போனா மொதல்ல போட்டோவத்தான் கேப்பாவளாம், அண்ணே. மொகம் தெளிவா இல்லன்னா கலியாணமே நடக்கலன்னு சொல்லிருவாவ. இவள இழுத்துட்டுப் போயிருவாவ" என்றான் பையன். அவன் கை என் டேப்பைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் ஓட்டுகிற கை.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் அல்ல. முடியாது என்று சொல்ல வாய் வராத என் மேல். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, சரி என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே இன்னொருவர் வந்தார். பெண்ணின் அத்தை, அவள் அப்பாவுக்கு உடன்பிறந்த தங்கை. எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் மூத்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பீஸை உதறி மடிக்கும்போதே ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்.

"தம்பி, நானும் வாறேனுங்க. பொண்ணு பக்கம் ஒரு சனம் இல்லாம அந்தப் புள்ள கழுத்த நீட்டக்கூடாது. ஆனா படத்துல என்ற மூஞ்சி உளுகக்கூடாதுங்க" என்றார்.

"அப்படின்னா தள்ளி நின்னுக்கோங்க்கா."

"அது சின்னக் கோயலுங்க, எங்கீங்க தள்ளி நிக்கறது? எங்கண்ணன் பாத்துச்சுன்னா எனக்குப் பொறந்த ஊடு அன்னியோட போச்சு. நாளைக்கு நா செத்தா, கோடி போட அதுதானுங்க வரோணும்."

பிறந்த வீட்டுக் கோடித்துணி விழாமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் பாடை எழும்பாது. அதை அவர் பீஸ் எண்ணுகிற குரலில்தான் சொன்னார்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "லென்ஸை முழுக்கத் தெறந்து வெச்சு எடுத்தா, பொண்ணு மாப்பிள்ளை மட்டுந்தாங்க்கா தெளிவா உளுகும். பின்னாடி நிக்கறவங்க மூஞ்சி கலங்கிரும். யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

"நெசமாலுமுங்களா?"

"அளந்து சொல்றேன், இருங்க" என்றேன்.

உத்தேச வைத்தியம் இதற்கு ஆகாது. கேமராவையே நேராக்க வேண்டும். செவ்வாயும் புதனும் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கட்டிங் டேபிளில் கழிந்தது. முதலில் ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்தேன். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல், பேட்டர்ன் வரையும் ட்ரேசிங் பேப்பரில் ஒரு துண்டை விறைப்பாக ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினால், லென்ஸ் பார்ப்பது அந்தத் தாளில் தலைகீழாக விழும். அதைப் பார்க்க என்னிடம் வேறு கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. துணியில் இழை எண்ணுவதற்குச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பேன். கவுண்டிங் கிளாஸ் என்போம்.

ஜன்னலில் உருவங்கள் ஒன்றாகும். தாளில் பார்த்தால் கலங்கியிருக்கும். மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கடுகளவு திருகை மெஷின் மெக்கானிக்கிடம் வாங்கிய திருப்புளியால் மயிரிழை திருப்புவேன். மறுபடி ஜன்னல், மறுபடி தாள். கொஞ்சம் கூடிவிட்டால் தப்பு அந்தப் பக்கம் சாயும். நெற்றி வியர்வை தாளில் சொட்டி இரண்டு முறை தாள் மாற்றினேன். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்னுங்க, கேமராவுக்கும் மெஷர்மென்ட் எடுக்கறீங்களா?" என்றார். கத்தரிக்கோலை எடுத்து வீசாததுதான் குறை.

புதன்கிழமை ஜன்னலும் தாளும் ஒரே சொல்லைச் சொன்னன. எனக்கு அது போதவில்லை. எட்டு நூல் கோன்களை மேசையில் அரை அடி இடைவெளி விட்டு, ஒன்றை ஒன்று மறைக்காமல் சாய்வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றின் மேலும் எப்படித் துவைப்பது என்று பொடி எழுத்தில் அச்சடித்த வாஷ்கேர் லேபிள் ஒன்றை ஒட்டினேன். நாலாவது கோனிலிருந்து எட்டடி அளந்து நின்று, அதைப் பிடித்து, அலவன்ஸ் கொடுக்காமல் படம் எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் ஃபிலிம் கழுவித்தரும் லேப்பில் கொடுத்து வாங்கிப் பார்த்தேன். நாலாவது கோனில் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. ஏழாவது கோன், அதாவது ஒன்றரை அடி பின்னால், வெறும் வெள்ளைத் தீற்றல்.

அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "பொண்ணுக்கு ஒன்றரை அடி பின்னால நில்லுங்க. ஏழாவது கோன் நீங்கதான்" என்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி சொன்னாச் செரிங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தது கோயில். ஒரு அறையும் முன்னால் ஒரு தகரப் பந்தலும்தான். பூசாரி வாசலைப் பார்த்துக்கொண்டே மந்திரம் சொன்னார். ரோட்டில் ஒவ்வொரு பைக் போகும்போதும் பெண்ணின் தோள் தூக்கிப் போட்டது. ஃப்ளாஷ் அடித்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான் என்று அதை எடுத்துப் போகவே இல்லை. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தேன். இஞ்ச் டேப்பால் எட்டடி அளந்து என் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்தேன். பெண்ணின் முதுகிலிருந்து ஒன்றரை அடி அளந்து அக்காவின் இடத்தையும் குறித்தேன். அந்த நேரத்திலும் பையன் சிரித்துவிட்டான்.

மாலை மாற்றும்போது மூன்று படம் எடுத்தேன். பிறகு தாலி. மஞ்சள் கட்டத்துக்குள் பெண்ணின் முகம் இரண்டாகத் தெரிந்து, மெல்ல நெருங்கி, ஒன்றாயிற்று. அமுக்க வேண்டியதுதான்.

விரல் அமுக்கவில்லை. தாளில் சரியாக இருந்தது, கோனில் சரியாக இருந்தது; வரும் வழியில் மொபெட் குலுங்கியதில் திருகு பழையபடி இளகியிருந்தால்? ஆறு மாதமாகப் பொய் சொன்ன கேமரா இரண்டு நாளில் யோக்கியனாகிவிடுமா? எதுக்கும் இருக்கட்டும். வளையத்தை ஒரு தீக்குச்சி கனம் தள்ளி அமுக்கினேன். மாலை மாற்றிய அந்த மூன்று படத்துக்கும் அப்படியேதான் தள்ளியிருந்தேன்.

ஏழரைக்கெல்லாம் கலைந்துவிட்டோம். அக்கா கம்பெனிக்குப் போனார். பையனும் பெண்ணும் ஒரு ஆட்டோவில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். படத்தோடு பதினோரு மணிக்குள் வருவதாகச் சொல்லிவிட்டு நான் லேப் திறக்கும்வரை வாசலில் நின்றேன்.

படங்கள் கையில் வந்தபோது கவுண்டிங் கிளாஸை வைத்துக்கூடப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. நாலு படத்திலும் பெண்ணும் மாப்பிள்ளையும் கலங்கிக் கிடந்தார்கள். அவர்களை அறிந்தவன் அறிவான். அறியாதவன் சத்தியம் செய்யமாட்டான். தாலி கட்டும் படத்தில் மட்டும், கலங்கிய இரண்டு தலைக்கு நடுவில், ஒரு முகம் வெட்டி வைத்ததுபோல் தெரிந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தார். மூக்குத்தியில் ஏழு கல்லையும் எண்ணலாம். கேமரா யோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை.

ஸ்டேஷனில் பெண்ணின் அப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, கையில் துண்டு. கத்தவில்லை, அடிக்கவில்லை. "என்ற புள்ளைய மயக்கிக் கூட்டிட்டு வந்துட்டானுங்க சார். கலியாணமெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கோயிலுக்கு அனுப்பிய போலீஸ்காரர், பூசாரி பூட்டிவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லித் திரும்பியிருந்தார். பெண் தாலியைக் காட்டினாள். "கயிறு கடையில விக்குதுங்க" என்றார் அப்பா.

தாலிப் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு மற்ற மூன்றை மட்டும் மேசையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அப்பாவும் குனிந்து பார்த்தார்.

"இது என்ற புள்ளையே இல்லீங்க சார்" என்றார்.

"மூஞ்சியே தெரியலையேப்பா. நீதான் எடுத்தியா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். பிறகு பெண்ணிடம், "ரெண்டு நாள் அப்பாவோட போய் இரும்மா. நல்ல ஆதாரமா கொண்டுவரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

பெண் என்னைப் பார்த்தாள். பையன் சுவரோடு ஒட்டி நின்றான். இரண்டு நாள் என்றால் எத்தனை நாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். என் பைக்குள் ஆதாரம் இருந்தது. கூடப் பிறந்த தங்கையே நிற்கிற கல்யாணத்தை நடக்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது. எடுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் அந்த முகத்தை எடுத்துப் போட நான் யார்? "சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க. இன்னொரு படம் இருக்குது, எடுத்துட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

செக்கிங் மேசையில் டியூப்லைட்டுக்குக் கீழே அக்கா பீஸ் உதறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். படத்தையும் கவுண்டிங் கிளாஸையும் முன்னால் வைத்தேன். அவர் படத்தைக் கையில் எடுக்காமல், ஓட்டை தேடுவதுபோல் கண்ணாடியை அதன் மேல் நகர்த்திக்கொண்டே போனார். தன் முகத்தில் வந்து நிறுத்தினார்.

"நல்லா உளுந்திருக்குதுங்க தம்பி" என்றார்.

நான் கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டேன்.

"இதக் காட்டலீன்னா அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?"

"ஆமாங்க்கா."

கையில் இருந்த கட்டில் இன்னும் ஐந்தாறு பீஸ் மிச்சம். அவற்றையும் உதறி, மடித்து, அடுக்கினார். ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தார். "வண்டி இருக்குதுங்களா?" என்றார்.

ஸ்டேஷனில் அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போய்ப் படத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். "பொறவுல நிக்கறது நாந்தானுங்க. அந்தப் புள்ளைக்கு அத்தை. என்ற கண்ணு முன்னால கட்டுனானுங்க." அதன் பிறகுதான் திரும்பி, "அண்ணா" என்றார்.

அந்த மனிதர் படத்தை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். தங்கையின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு அதை மேசையில் குப்புறக் கவிழ்த்தார்.

"இவளையும் எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை அக்காவின் பக்கம் நகர்த்தினார். சாட்சிக் கையெழுத்து. அக்கா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பையனும் பெண்ணும் அவர் காலில் விழுந்தார்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு அக்காவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரவில்லை. பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த அன்று என் மேசைக்கு வந்து, அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டார். "எங்கண்ணன் மகக் கலியாணத்துல நா நிக்கறனல்லோ. இனி எந்த விசேசத்துக்குங்க எனக்குப் போட்டோ?" என்று சிரித்தார். மறுநாள் போட்டுக் கொண்டுவந்து கவரில் வைத்துக் கொடுத்தேன்.

கவரை வாங்கியவர் கொஞ்சம் தயங்கி நின்றார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. கலங்கிரும்னு அளந்துதானுங்களே சொன்னீங்க. காமிராவுல கோளாறாயிப் போச்சுங்களா?"

என்னிடம் அந்தக் கோன் படம் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம்.

"ஆமாங்க்கா, கோளாறுதான்" என்றேன்.

"போவுதுங்க, உடுங்க. பாவம், பழைய காமிரா. அதச் சொல்லி என்னுங்க பண்றது?" என்று சொல்லிவிட்டு அக்கா பீஸ் பார்க்கப் போய்விட்டார்.